படிக்கும்போதே முழுநேர வேலைக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: வேலூரில் ஒரு கல்லூரியில் எம்.காம். மூன்றாம் செமஸ்டர் முடித்திருக்கிறேன். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் இருந்த அப்பா உடம்பு முடியாமல் வீட்டில் இருக்கிறார். அங்கே சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை காலியாக உள்ளது. விண்ணப்பத்தில் ‘தற்போது படிக்கிறீர்களா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போடச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். பி.காம். ஒரிஜினல்களைக் கொடுத்து, 2 வருடத்துக்குள் விலகினால் 1 லட்சம் ரூபாய் தருவதாக பாண்டும் எழுத வேண்டுமாம். கல்லூரி வருகையைப் பணம் கொடுத்துச் சரிக்கட்டலாம் என்கிறார்கள். சட்டச் சிக்கல் வருமா?
- வாசகி, காட்பாடி

பதில்: குடும்பத்துக்காக எடுக்கும் முடிவு இது, உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. படிக்கிறவர் தனியார் வேலைக்கு விண்ணப்பிக்கவே கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தாராளமாக விண்ணப்பியுங்கள். ஆனால் அந்த ‘இல்லை’யை மட்டும் எழுதாதீர்கள்.

தெரிந்தே உண்மையை மறைத்து ஒப்பந்தம் செய்தால், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 17, 19 பிரிவுகளின்படி எதிர்த்தரப்பு அதை ரத்து செய்ய முடியும். விஷயம் தெரிகிற அன்றே கம்பெனி உங்களை அனுப்பிவிடலாம். அதைவிட எனக்குக் கவலை தருவது பத்து வருடம் கழித்து வருவது. வேலையில் சேர்ந்த தேதி பி.எஃப். கணக்கில் ஏறிவிடும். அதே நாட்களில் காலை முதல் மாலை வரை வகுப்பில் இருந்ததாகக் கல்லூரிப் பதிவேடு சொல்லும். நாளைக்கு அரசு வேலைக்கு அனுபவச் சான்றிதழோடு போய் நிற்கும்போது, சரிபார்ப்பவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன பதில் சொல்வீர்கள்? உழைத்து வாங்கிய பட்டமே சந்தேகத்துக்கு ஆளாகும். பணம் கொடுத்து வருகை போடச் சொல்வது பொய்ப் பதிவேடு தயாரிக்கச் சொல்வது. அது கிரிமினல் குற்றத்தில் கொண்டுபோய் விடும். அந்தப் பேச்சை இன்றோடு விடுங்கள்.

கண்டோனேஷன் கட்டணம் என்பது வேறு. அது பல்கலைக்கழக விதிக்குள் உள்ளது, ரசீதோடு கட்டுவது. வருகை கொஞ்சம் குறைந்தவர்களுக்குத்தான் அது. செமஸ்டர் முழுக்க வராதவரை அது காப்பாற்றாது. பொதுவாக 75 சதவீதம் வேண்டும். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் 68 நாள் வந்தாக வேண்டும், 22 நாள்தான் கையில் இருக்கும். முழுநேர வேலைக்கு அது ஒரு மாதம்கூடத் தாங்காது.

உங்களுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு செமஸ்டர். அதனால் விண்ணப்பத்தில் ‘எம்.காம். கடைசி செமஸ்டர் படிக்கிறேன், தேர்வு முடிந்ததும் சேர்கிறேன்’ என்று எழுதுங்கள். அதுவரை சனி, ஞாயிறு வேலை தர முடியுமா என்றும் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் மின்னஞ்சலிலாவது எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி வகுப்பை விடாதீர்கள். வீட்டு நிலைமை அதுவரை தாங்காது என்றால், ரெகுலர் படிப்பை முறைப்படி நிறுத்தி டி.சி. வாங்கிவிட்டு, யுஜிசி அங்கீகாரம் பெற்ற தொலைதூரக் கல்வியில் எம்.காம். சேரலாம். முடித்த செமஸ்டர்கள் அங்கே செல்லுமா என்பதை டி.சி. வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பாண்டை வெறும் காகிதம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்ற ஒரு வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்காக எழுதிய தொகை முழுவதையும் யாரும் அப்படியே வசூலித்துவிட முடியாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான், அதுவும் அந்தத் தொகைக்கு உட்பட்டுத்தான். என்ன பயிற்சி தருகிறார்கள், அதற்கு எவ்வளவு செலவு என்பதை பாண்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஒரிஜினல்களைக் காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், நகல் மட்டும் கொடுங்கள். தனியார் கம்பெனி அவற்றைப் பிணையாகப் பிடித்து வைக்க உரிமை இல்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கேட்டும் திருப்பித் தராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். பெண் என்பதால், 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்குப் போய் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேளுங்கள். கம்பெனியின் கடிதத்தையும் பாண்டின் நகலையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.