விண்வெளி மூலக்கூறு தேடும் படிப்பு: மகளைச் சேர்க்கலாமா?

வேதியியல் படிக்கும் மகள் "விண்வெளியில் மூலக்கூறு தேடப் போகிறேன்" என்கிறாள், இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்று: அவள் ராத்திரி முழுக்கத் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்காரப் போவதில்லை. பெரும்பாலும் ஆய்வகத்தில், வெற்றிடப் பம்பின் இரைச்சலுக்கு நடுவில்தான் இருப்பாள்.

விண்மீன்களுக்கு இடையிலுள்ள வாயு மேகங்களில் மூலக்கூறுகள் சுழன்றுகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வகையும் தனக்கே உரிய அதிர்வெண்களில் ரேடியோ அலைகளை வெளியிடும். சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் 66 ஆண்டெனாக்களோடு நிற்கும் அல்மா என்ற ரேடியோ தொலைநோக்கி அவற்றைப் பதிவுசெய்கிறது. பதிவில் ஒவ்வொரு அதிர்வெண்ணும் ஒரு கோடாகத் தெரியும்; அப்படி ஆயிரக்கணக்கான கோடுகள் இருக்கும். எந்தக் கோடு எந்த மூலக்கூறுடையது? அதைச் சொல்ல, அதே மூலக்கூறை இங்கே ஒரு குழாயில் மிகக் குறைந்த அழுத்தத்தில் நிரப்பி, யாராவது கோடுகளை அளந்து வைத்திருக்க வேண்டும். 100 கிகாஹெர்ட்ஸில், மேகம் நொடிக்கு 1 கி.மீ. வேகத்தில் நகர்ந்தாலே கோடு சுமார் 0.33 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப்போய்விடும். ஆய்வக அளவீடு அதைவிடப் பல மடங்கு துல்லியமாக இருந்தாக வேண்டும். உங்கள் மகள் செய்ய விரும்பும் வேலை இதுதான்.

கார்பனையும் சேர்த்து மொத்தம் ஆறு அணுக்கள் இருந்துவிட்டாலே வானியலாளர்களுக்கு அது 'சிக்கலான கரிம மூலக்கூறு'. அந்தக் கணக்கில் ஆல்கஹால்களிலேயே மிக எளியதான மெத்தனால்கூடச் சிக்கலானதுதான்! அவளுடைய கரிம வேதியியல் ஆசிரியர் கேட்டால் சிரிப்பார்.

இந்தத் துறைக்கு என்ன குணம் வேண்டும் என்பதற்குக் கிளைசின் கதையைச் சொல்வேன். அமினோ அமிலங்களில் மிக எளியது அது. விண்மீனிடை மேகங்களில் அதைக் கண்டுவிட்டதாக 2003இல் ஒரு குழு அறிவித்தது. 2005இல் வேறொரு குழு சரிபார்த்தபோது, கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய சில கோடுகள் அங்கே இல்லை. 67பி வால்மீனில் கிளைசின் இருப்பதை ரோசெட்டா விண்கலம் காட்டியது, 2016இல் அந்த முடிவு வெளியானது. விண்மீனிடை மேகங்களில் இன்னும் உறுதியாகவில்லை. அதே சமயம், கிளைசினுக்கு நெருங்கிய உறவான அமினோ அசிட்டோநைட்ரைல் 2008இல் தனுசு பி2 மேகத்தில் கிடைத்தது. ஒரு கோடு பொருந்தியதும் துள்ளிக் குதிக்கிறவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது. பொருந்தாத கோட்டைத் தேடிப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். ஒளித்துப் பேசி லாபமில்லை: முதுநிலைப் பட்டம், அப்புறம் பிஎச்.டி., அதற்கு மேல் ஓரிரு போஸ்ட்-டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சிப் பணி) என்று நீளும் பாதை இது. கடைசியில் நிரந்தர ஆராய்ச்சிப் பதவிகள் குறைவு. ஆனால் கைக்கு வரும் தொழில் வீணாகாது. நுண்ணலை மின்னணுவியல், வெற்றிடத் தொழில்நுட்பம், குவாண்டம் கணக்கீடு, நிரல் எழுதுவது எல்லாம் சேர்ந்தே வரும். வாயு உணரிகள், வளிமண்டலக் கண்காணிப்பு, அறிவியல் கருவித் தயாரிப்பு ஆகிய இடங்களில் இதே திறமைகள்தான் தேவை. வேதியியல் மாணவர்கள் பலர் தடுக்கி விழுவது கணிதத்தில். நேரியல் இயற்கணிதத்தையும் குவாண்டம் இயக்கவியலையும் இப்போதே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சம்மதம் சொல்வதற்கு முன் ஒரு பரீட்சை வைக்கலாம். ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகம் மூலக்கூறுகளின் அதிர்வெண் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இரண்டு வாரம் கொடுங்கள்; மெத்தனாலின் கோடுகளை எடுத்து அவளே வரைபடமாக்கட்டும். அதன் மெத்தில் பகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்) முறுக்கிக்கொண்டு திரும்புவதால் கோடுகள் பிளவுபடும். ஏன் அப்படி என்று உங்களுக்குப் புரியும்படி சொல்லட்டும். அந்த இரண்டு வாரத்தில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழுந்து வராமல் உட்கார்ந்திருந்தாள் என்றால், தடுக்காதீர்கள்.

பிஎச்.டி.க்கு இடம் தேடும்போது நெறியாளரிடம் ஒரு கேள்வியை அவளே கூச்சப்படாமல் கேட்கட்டும்: "உங்களிடம் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்?"