சீஸ் சாண்ட்விச்சில் சுகரை ஏற்றுவது எது?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். என் கணவருக்கு 54 வயது, ஒன்பது வருடமாக சுகர். மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும் எடுத்துக்கொள்கிறார். கடைசியாகப் பார்த்தபோது மூன்று மாத சராசரி 7.8. ஆபீஸ் ஃபோர்ட்டில். சாயங்காலம் ரயில் ஏறும் முன் ஒரு சீஸ் டோஸ்ட் சாண்ட்விச் சாப்பிடாமல் வர மாட்டார். "சீஸில் மாவுச்சத்தே இல்லை, சுகருக்கு நல்லது" என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டுகிறார். உண்மையா? போன வாரம் ராத்திரி அவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கியது. சுகர் 62 காட்டியது. அப்போது நானும் ஒரு சீஸ் ஸ்லைஸ்தான் கொடுத்தேன். சரிதானா?

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். சுகர் 70-க்குக் கீழே இறங்கி, வியர்வையும் நடுக்கமும் வரும்போது சீஸ் கொடுக்கவே கூடாது. அதில் சர்க்கரை இல்லை. போதாததற்கு, அதன் கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதமாக்கும். பிறகு நீங்கள் கொடுக்கும் இனிப்பும் மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும். அந்த நேரத்துக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அப்போதும் 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை கொடுங்கள். சரியான பிறகு இரண்டு பிஸ்கட்டோ ஒரு இட்லியோ சாப்பிடட்டும். அந்த நேரத்தில் கூடவே சீஸ் இருந்தால் தப்பில்லை. நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிமிப்ரைடால் வரும் இறக்கம் சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம். போன வாரம் நடந்ததை டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் நாளைக்கே சொல்லுங்கள். மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

இனி சாண்ட்விச்சுக்கு வருவோம். உங்கள் கணவர் காட்டிய செய்தி சீஸைப் பொறுத்தவரை பொய் இல்லை. பாலை உறைய வைத்து வடிக்கும்போது பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. மிச்சம் இருப்பதை, சீஸ் நாள்படும்போது நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. அதனால்தான் ஒரு டம்ளர் பாலில் பத்து கிராம் அளவுக்கு சர்க்கரை இருக்க, 25 கிராம் சீஸ் க்யூப் ஒன்றில் ஒரு கிராம்கூடத் தேறாது. சீஸை மட்டும் சாப்பிட்டால் சுகர் மீட்டர் பெரிதாக அசையாது.

ஆனால் அவர் சீஸை மட்டும் சாப்பிடுவதில்லையே. அடுத்த முறை அந்தக் கடையில் நின்று பாருங்கள். இரண்டு பெரிய வெள்ளை பிரெட், இரண்டிலும் தாராளமாக பட்டர், பச்சைச் சட்னி, அவித்த உருளைக்கிழங்கு, பீட்ரூட், தக்காளி, வெள்ளரி, வெங்காயம், சாட் மசாலா. எல்லாவற்றையும் அடுக்கி, டோஸ்டரில் வைத்து இறுக்கி வாட்டி, துண்டு போட்டு, மேலே சீஸைப் பூப்போலத் துருவி, ஓரத்தில் கெட்சப். பிரெட், உருளைக்கிழங்கு, கெட்சப் மூன்றையும் கூட்டினால் மாவுச்சத்து 40 கிராமைத் தொட்டுவிடும். கிட்டத்தட்ட நாலு இட்லிக் கணக்கு! ஆறரைக்கு அதைச் சாப்பிட்டு, எட்டு மணிக்கு வீடு வந்து, ஒன்பது மணிக்குச் சாப்பாட்டில் உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். மாட்டுங்கா பக்கம் சீஸ் மசால் தோசை சாப்பிடுவதும் இதே கதைதான். கூடவே, பட்டரும் சீஸும் சேர்ந்த கொழுப்பு அந்த மாவுச்சத்தை மெதுவாக இறங்க வைக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அளவு சரியாக இருப்பது போலத் தெரியும், அதற்கப்புறம்தான் ஏறும். இதைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

ஐரோப்பாவில் 8 நாடுகளில் நடந்த இன்டர்ஆக்ட் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. அதில் சீஸ் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வருவது சற்றுக் குறைவாகவே தெரிந்தது. உங்களுக்கு வந்த செய்தியின் வேர் இந்த மாதிரி ஆய்வுகளாக இருக்கலாம். ஆனால் அது நோய் வராதவர்களை வருடக்கணக்கில் கவனித்த ஆய்வு. ஏற்கெனவே ஒன்பது வருடம் சுகரோடு இருப்பவருக்கு அதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

அவருக்கு சீஸில் நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. கடையில் துருவிப் போடுவது பெரும்பாலும் பிராசஸ்டு சீஸ். செடார் மாதிரி சீஸை உருக்கி, அது பிரியாமல் ஒன்றாக நிற்க சோடியம் சிட்ரேட், சோடியம் பாஸ்பேட் போன்ற உப்புகளைச் சேர்த்துச் செய்வது. ஒரு க்யூபிலேயே சோடியம் 300 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் அளவு 2,000 மில்லிகிராமுக்குள். சாம்பாரும் ஊறுகாயும் அப்பளமும் உள்ள நம் வீட்டில் அந்தக் கணக்கு ஏற்கெனவே நிரம்பியிருக்கும். பிபி இருந்தால், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஒழுகினால், இது முக்கியம். கிட்னி பழுதுபட்டவர்களுக்கு அந்த பாஸ்பேட்டும் சேர்ந்து தொல்லை. அடுத்தது, ஒரு க்யூபில் ஆறேழு கிராம் கொழுப்பு, அதில் பாதிக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அதே அளவு கொழுப்பை வெண்ணெயாகச் சாப்பிடுவதைவிட சீஸாகச் சாப்பிட்டால் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் குறைவாகவே ஏறுகிறது என்பது உண்மை. சாண்ட்விச்சில் இரண்டும் அல்லவா இருக்கிறது! அவருடைய எல்டிஎல் 100-க்கு மேல் இருந்தால் முதலில் நிறுத்த வேண்டியது பட்டர்.

விலை மலிவான கடைகளில் சீஸ் என்று போடுவது சில சமயம் சீஸே அல்ல, தாவர எண்ணெயும் ஸ்டார்ச்சும் கலந்த அனலாக், அதாவது சீஸ் மாதிரி செய்த போலி. வீட்டுக்கு வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பனீரில் உப்பு மிகக் குறைவு, புரதம் உண்டு. ஆனால் அதையும் நெய்யில் பொரித்தால் பயனில்லை.

சரி, சாண்ட்விச்சை நிறுத்தச் சொல்லட்டுமா? வேண்டாம். கிளிமிப்ரைடு எடுப்பவர் மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை வெறும் வயிற்றோடு இருந்தால் சுகர் இறங்கும். சாயங்காலம் ஏதாவது சாப்பிடத்தான் வேண்டும். கடைக்காரரிடம் "ஆலூ மத் டாலோ, பட்டர் நஹி" (உருளைக்கிழங்கு போடாதே, பட்டர் வேண்டாம்) என்று சொன்னால் போதும். வெள்ளரியும் தக்காளியும் கூடுதலாக வைத்து, கெட்சப் இல்லாமல் தரவும் சொல்லட்டும். வாரத்தில் இரண்டு நாள் அப்படிச் சாப்பிடட்டும், சீஸ் ஒரு க்யூபுக்கு மேல் போகாமல். மற்ற நாட்களில் பையில் ஒரு சின்ன டப்பா கொண்டைக்கடலைச் சுண்டல் போட்டு அனுப்புங்கள். வீட்டில் சீஸ் ஆசை வந்தால் அடையின் மேல் கொஞ்சம் துருவிப் போடுங்கள். பருப்பு நிறைய உள்ள அடைக்கு அது நன்றாகவே சேரும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வருடக்கணக்காக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது சாதாரணம், சைவமாக இருந்தால் இன்னும் அதிகம். சீஸில் பி12 கொஞ்சம் உண்டு, அதை நம்பி இருக்க முடியாது. கால் மரத்துப் போகிறது என்று அவர் சொல்லியிருந்தால் அடுத்த ரத்தப் பரிசோதனையில் பி12-ஐயும் சேர்த்துக் கேளுங்கள்.

அவரை வாதாடி ஜெயிக்க வேண்டாம், மீட்டரே பேசட்டும். ஒரு நாள் வழக்கமான சாண்ட்விச், இன்னொரு நாள் உருளைக்கிழங்கும் பட்டரும் இல்லாதது. இரண்டு நாளும் சாப்பிடும் முன்பும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பும், படுக்கும் முன்பும் விரலில் குத்திப் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். ராத்திரிச் சாப்பாடு இரண்டு நாளும் ஒரே மாதிரி இருக்கட்டும். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளையும், அந்த 62 வந்த தேதியையும் நேரத்தையும் கையில் எடுத்துப் போங்கள்.