பழைய ரிவால்வரைப் பளபளப்பாக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒரு வீட்டுச் சாமான் ஏலத்தில் கோல்ட் நிறுவனத்தின் 1851 மாடல் நேவி ரிவால்வர் ஒன்றை வாங்கினேன். குழல் முழுக்கப் பழுப்பேறி இருக்கிறது, அங்கங்கே ஆரஞ்சு நிறத்தில் துரு, பித்தளைப் பகுதி கறுத்துவிட்டது. உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி நீலப்பூச்சு (துப்பாக்கி இரும்புக்குக் கொடுக்கும் கருநீலப் படலம்) கொடுத்து, பித்தளையைப் புளி போட்டுத் துலக்கினால் புதுசாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா? (வாசகர், ஓஹையோ, அமெரிக்கா)

பதில்: தயவுசெய்து வேண்டாம். உப்புத்தாளை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் அதில் வெடிமருந்து இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். இந்த மாடலுக்கு இன்றைய தோட்டா கிடையாது, சிலிண்டரின் ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தைப் போட்டு மேலே ஈயக் குண்டை வைத்து இறுக்குவார்கள். அப்படி இறுக்கியபடியே அலமாரியில் வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. ஈரம் படாத கருமருந்து நூற்றைம்பது வருடம் கழித்தும் பற்றிக்கொள்ளும். அதனால் கருமருந்துத் துப்பாக்கிகள் பழகிய ஒரு கைவினைஞரிடம் முதலில் காட்டுங்கள், அதுவரை துப்பாக்கியின் பின்பக்கம் இருக்கும் சுத்தியை இழுத்துப் பார்க்காதீர்கள்.

சரி, துருவுக்கு வருவோம். நீங்கள் பார்க்கும் பழுப்பும் ஆரஞ்சும் ஒன்றல்ல. பழுப்பு பல காலமாக மெதுவாக உருவாகி இறுகிப்போன படலம், அது கீழே இருக்கும் இரும்பைத் தின்பதில்லை. தொட்டால் விரலில் பொடியாக ஒட்டுகிற ஆரஞ்சுதான் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் துரு. அந்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டு நல்ல மெஷின் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். வராவிட்டால் மூங்கில் குச்சியாலோ பித்தளைத் துண்டாலோ லேசாகச் சுரண்டலாம், பித்தளை இரும்பைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாது. பிறகு எண்ணெயைத் துடைத்துவிட்டு மெழுகு பூசுங்கள். 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான ரெனைசான்ஸ் வேக்ஸ் என்ற மெழுகைத்தான் பல அருங்காட்சியகங்களே பயன்படுத்துகின்றன.

நான் இவ்வளவு கெஞ்சுவதற்குக் காரணம் அந்தச் சிலிண்டர். நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். 1843 மே 16 அன்று மெக்சிகோவின் காம்பேச்சே அருகே, அப்போது தனி நாடாக இருந்த டெக்சஸின் கடற்படை மெக்சிகோ கப்பல்களோடு மோதிய காட்சி அதைச் சுற்றிலும் இருக்கும், அல்லது அதன் மிச்சமாவது இருக்கும். ஆர்ம்ஸ்பி என்ற செதுக்குக் கலைஞரின் வேலை அது, எஃகு அச்சை உருட்டிப் பதித்தது. பதிவின் ஆழம் மிகக் குறைவு, உப்புத்தாள் நாலு முறை போய் வந்தால் கப்பல்கள் போய்விடும், திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது. நடுச்சட்டமும் அப்படித்தான்: எலும்புக் கரியோடு சேர்த்துச் சூடேற்றி நீரில் தோய்த்ததால் வந்த நீலமும் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறங்கள் திருகுகளின் ஓரத்திலோ சுத்தியின் மறைவிலோ கொஞ்சமாவது தப்பியிருக்கும். பித்தளையைப் பொறுத்தவரை, பொதுமக்களுக்கு விற்ற நேவி ரிவால்வர்களில் பிடியின் பட்டைக்கும் விசைக் காப்புக்கும் மெல்லிய வெள்ளி முலாம் கொடுத்தார்கள். வெள்ளியும் கறுக்கும். நீங்கள் அழுக்கு என்று நினைப்பது அந்த முலாமாகவே இருக்கலாம். புளி வீட்டுக் குத்துவிளக்குக்கு இருக்கட்டும்.

கேள்வி: பாகங்கள் எல்லாம் ஒரே துப்பாக்கியுடையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (அதே வாசகர்)

பதில்: எண்களை ஒப்பிடுங்கள். குழல், சட்டம், விசைக் காப்பு, பிடிப் பட்டை, சிலிண்டர், குழலைப் பிணைக்கும் ஆப்பு எல்லாவற்றிலும் ஒரே தொடர் எண் இருக்க வேண்டும், சில இடங்களில் கடைசி இலக்கங்கள் மட்டும் இருக்கும். ஆப்பு சின்னது, எளிதில் தொலையும், அதனால் அதன் எண் மட்டும் மாறியிருந்தால் மனம் தளர வேண்டாம். திருகுகளின் தலையையும் பாருங்கள். பள்ளம் சிதைந்திருந்தால் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரோடு யாரோ உள்ளே போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். எழுத்துகளின் ஓரம் மழுங்கி, ஆனால் நீலம் மட்டும் பளிச்சென்று இருந்தால் மறுபூச்சுதான். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பின்பற்றும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் தர வரிசையில், எல்லாப் பாகங்களும் அசலாக இருந்து 80 சதவீதத்துக்கு மேல் அசல் பூச்சு இருப்பது மிகச் சிறப்பு, 30 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே அடுத்த தரம். நேற்று போட்ட பூச்சு எத்தனை சதவீதமானாலும் அந்தக் கணக்கில் சேராது.

கேள்வி: கூடவே வந்த பழைய தோல் உறையில் போட்டு வைக்கலாமா?

பதில்: கூடாது. தோல் ஈரத்தை உறிஞ்சும், பதனிடப் பயன்பட்ட அமிலமும் அதில் தங்கியிருக்கும், இரண்டும் இரும்புக்கு ஆகாது. உறையைத் தனியாக வையுங்கள். ஓக் மரப் பெட்டியோடு வந்த துப்பாக்கிகளுக்கும் இதைச் சொல்வேன்: அந்த மரத்திலிருந்து வரும் அமில ஆவி பக்கத்திலிருக்கும் ஈயக் குண்டுகளை வெள்ளைப் பொடியாக்கிவிடும். அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கையால் எடுத்தால் வியர்வை உப்பு ரேகையாகப் பதிந்து துருவாகும், கையுறை போடுங்கள்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த வெப்லி என்ற பிரிட்டிஷ் ரிவால்வர் எங்கள் வீட்டில் இருக்கிறது. நூறு வருடம் தாண்டிய பொருளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்கிறார்களே? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அது அமெரிக்கப் பேச்சு, அங்கே 1898 வரை தயாரானவற்றை மத்தியச் சட்டம் பழம்பொருளாகப் பார்க்கிறது, மாநில விதிகள் தனி. இந்தியாவில் வயது மட்டும் காப்பாற்றாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான். வெப்லி பெரும்பாலும் இன்னும் சுடக்கூடியது. உரிமம் உங்கள் பெயரில் இல்லையென்றால் தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் விண்ணப்பியுங்கள். ஒப்படைக்கும்போது எண்ணையும் நிலையையும் குறிப்பிட்டு ரசீது வாங்குங்கள்.

கேள்வி: தேய்ந்துபோன ரிவால்வர் சில நேரம் புதுசு போல இருப்பதைவிட அதிக விலைக்குப் போவது ஏன்?

பதில்: கதைக்கு ஆதாரம் இருப்பதால். பில்லி த கிட் என்ற கொள்ளையனை 1881இல் ஷெரீஃப் பேட் காரட் சுட்ட கோல்ட் ரிவால்வர் 2021இல் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அது யார் யார் கையில் இருந்தது என்று காட்டும் காகிதங்கள்தான் அந்த விலை. வாய்வழிக் கதைக்கு மட்டும் நான் ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன். கோல்ட் நிறுவனம் தன் பழைய பேரேடுகளைப் பார்த்து, எந்த எண் துப்பாக்கி எப்போது யாருக்கு அனுப்பப்பட்டது என்று கட்டணத்துக்குக் கடிதம் தருகிறது. ஆனால் 1864இல் கோல்டின் ஹார்ட்ஃபோர்ட் தொழிற்சாலையில் பெரிய தீ விபத்து நடந்ததால் அதற்கு முந்தைய பதிவுகள் முழுமையாக இல்லை. ஓஹையோ வாசகர் ஏல ரசீதையும், அந்த வீட்டுக்காரர்கள் சொன்னதையும் அவர்கள் கையெழுத்தோடு இப்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.