மறு: ரிப்போர்ட் கார்டில் ‘வூல்கேதரிங்’ என்று எழுதியிருக்கிறார்கள், என்ன அர்த்தம்?

மேலூர்க்காரரே, பதறாதீர்கள். ‘ஆஃபன் வூல்கேதரிங் இன் கிளாஸ்’ என்று உங்கள் மகளைப் பற்றி டீச்சர் எழுதியதற்கும் கம்பளி பின்னுவதற்கும் சம்பந்தமில்லை. பாடம் நடக்கும்போது நினைப்பு எங்கேயோ போய்விடுகிறது, அவ்வளவுதான். நம் பேச்சில் ‘பராக்குப் பார்க்கிறாள்’.

இங்கிலாந்தில் ஆடுகள் மேய்ந்துபோன வழியில் வேலியிலும் முள்ளிலும் கம்பளித் துணுக்குகள் சிக்கிக் கிடக்கும். அதைப் பொறுக்கப் போகிறவர்கள் இங்கே ஒரு புதர், அங்கே ஒரு வேலி என்று அலைய வேண்டும், தேறுவது கொஞ்சம்தான். இந்தக் கம்பளி பொறுக்குதலுக்குத்தான் ‘வூல்கேதரிங்’ என்று பெயர். 16ஆம் நூற்றாண்டிலேயே அலைகிற மனசுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நமக்கு இது சட்டென்று பிடிபடாததில் ஆச்சரியமில்லை. நம் பக்கம் கிடை போடுகிற கீழக்கரிசல், ராமநாதபுரம் வெள்ளை ஆடுகளுக்கு உடம்பில் முடிதான், கம்பளியே கிடையாது. கருவேல முள்ளில் நாம் எதைப் பொறுக்க!

மனக்கோட்டையோடு இதைக் குழப்ப வேண்டாம். அதற்கு ‘காஸில்ஸ் இன் தி ஏர்’ என்பார்கள். ‘நெனப்புத்தான் பொழப்பைக் கெடுக்கும்’ என்று பாட்டிகள் திட்டுவது அந்த வகை. வூல்கேதரிங்கில் ஆசை, திட்டம் எதுவும் வேண்டியதில்லை. சும்மா அலைந்தால் போதும். சற்றே பழைய சொல். லேசான கேலி உண்டு, வசவு இல்லை. ‘சாரி, ஐ வாஸ் வூல்கேதரிங்’ என்று நம்மைப் பற்றியே சொல்லிக்கொள்ளலாம். மேலதிகாரியைப் பார்த்து மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

டீச்சரிடம் சண்டைக்குப் போகாமல், எந்தப் பீரியடில் இப்படி என்று கேளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட் என்றால், சரி, நானும் அப்படித்தான் இருந்தேன்.