தினமும் ஒழுங்காகப் பல் துலக்குபவருக்குப் பல் காப்பீடு தேவையா? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

இதைக் கேட்டவருக்கு இப்போது பல்வலி இல்லை என்றே நினைக்கிறேன். வலி வந்தவர்கள் காப்பீடு தேவையா என்று கேட்பதில்லை. இந்தச் சிகிச்சை பாலிசியில் வருமா என்றுதான் கேட்பார்கள். வலி இல்லாதபோதே கேட்டது நல்லது, ஏனெனில் பல் காப்பீட்டின் கடுமையான விதிகளில் பல, பாலிசி தொடங்கும் நாளில் உங்கள் வாய் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. நான் பல் மருத்துவரோ காப்பீட்டு முகவரோ அல்ல. என் தந்தையின் சிகிச்சைக்காகக் காப்பீட்டு நிறுவனத்தோடு நீண்ட காலம் கடிதப் போக்குவரத்து நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

என் தந்தை ஒருநாளும் பல் துலக்கத் தவறியவர் அல்லர். ஆனாலும் நீரிழிவு இருந்ததால் ஈறு நோய் வலியே இல்லாமல் முற்றி, ஒரு கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு பாலிசி எடுக்கும்போது, அந்த இடத்தில் பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்டு பொருத்தும் மாற்றுப்பல்) வைக்கும் செலவு கிடைக்குமா என்று அவர் நேரடியாகக் கேட்டார். கிடைக்கும் என்று முகவர் சொன்னார். கிளெய்ம் அனுப்பியதும், பாலிசி தொடங்கும் முன்பே இழந்த பல்லுக்கு மாற்றுப்பல் வைக்கும் செலவை ஏற்பதில்லை என்ற விதியைக் காட்டி நிறுவனம் மறுத்துவிட்டது. படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்று இங்கே சிலர் எழுதலாம். வயதான ஒருவர் தெளிவாகக் கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்வது விற்பவரின் கடமை என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

அதனால்தான், பின்னர் வேறொரு பல்லுக்கு ரூட் கெனாலும் (பல்லின் உள்ளே கெட்டுப்போன திசுவை அகற்றி அடைக்கும் சிகிச்சை) கிரவுனும் (பல்லின் மேல் பொருத்தும் உறை) தேவைப்பட்டபோது, சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே எக்ஸ்ரேயையும் செலவு மதிப்பீட்டையும் மருத்துவமனை வழியாக அனுப்பச் செய்து, எவ்வளவு தருவார்கள் என்பதை எழுத்து மூலம் பெற்றேன். அந்தப் பதிலிலிருந்துதான் பல் காப்பீடு இயங்கும் விதமே எனக்குப் புரிந்தது. பல திட்டங்களில் பரிசோதனைக்கும் சுத்தம் செய்வதற்கும் 100 விழுக்காடு, சொத்தை அடைப்பதற்கு 80 விழுக்காடு, கிரவுன், பிரிட்ஜ் போன்றவற்றுக்கு 50 விழுக்காடு என்ற அளவில் தருகிறார்கள். ரூட் கெனாலை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். எங்கள் திட்டத்தில் ரூட் கெனாலுக்குப் பெரும்பகுதி கிடைத்தது. கிரவுனுக்கோ அந்த ஆண்டின் உச்சவரம்பில், அதாவது ஓராண்டில் நிறுவனம் அதிகபட்சமாகத் தரும் தொகையில், மிச்சம் போதவில்லை. மருத்துவர் அனுமதித்த குறுகிய இடைவெளிக்குள் பாலிசி ஆண்டு புதுப்பிக்கப்பட்டதால் அந்தச் செலவைப் புதிய ஆண்டின் கணக்கில் சேர்க்க முடிந்தது. இதை எல்லாரும் செய்யலாம் என்று சொல்லவில்லை; ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லைக் கிரவுன் இல்லாமல் நெடுநாள் விட்டால் அது பிளந்துவிடக்கூடும் என்பதால், முடிவு மருத்துவருடையதாகவே இருக்க வேண்டும்.

இந்த வருடாந்தர உச்சவரம்பைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். பொது மருத்துவக் காப்பீடு பெருஞ்செலவிலிருந்து காப்பதற்காக எடுப்பது. பல் காப்பீட்டிலோ வரம்பைத் தாண்டியதும் மீதிப் பெருஞ்செலவு நம்முடையதாகிவிடுகிறது. ஆகவே ஓராண்டுப் பிரீமியத்தையும், காப்பீடு இல்லாமல் இரண்டு பரிசோதனைகளுக்கும் சுத்தம் செய்வதற்கும் ஆகும் தொகையையும் எழுதி ஒப்பிடுங்கள். வாய் நலமாக இருந்து பிரீமியம் அதிகமாக இருந்தால், அப்பணத்தைத் தனியே சேமிப்பதே மேல் என்பது என் கருத்து. நீங்கள் வேலை செய்யும் நிறுவனமே பிரீமியத்தில் பெரும்பங்கு செலுத்தும் பாலிசி என்றால் தயங்காமல் எடுங்கள்.

எடுத்தால், பரிசோதனைச் சலுகையை வீணாக்காதீர்கள். துலக்குவது தேவைதான்: 1,000 முதல் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) ஃபுளோரைடு உள்ள பற்பசையால் இரண்டு நிமிடம், நாளுக்கு இருமுறை, அவற்றில் ஒன்று உறங்கும் முன். ஆனால் இறுகிப்போன பற்காரை தூரிகைக்கு அசையாது. பல்லிடுக்கில் தொடங்கும் சொத்தையும் கண்ணாடியில் தெரியாது. புகைப்பவர்களுக்கு ஈறு நோய் இருந்தும் இரத்தக் கசிவு குறைவாகவே தெரியும் என்பதால், கசிவு இல்லை என்பதை வைத்து அவர்கள் நிம்மதி அடையக் கூடாது.

பணம் கட்டும் முன் ஒரு பல் மருத்துவரிடம் காட்டி, எந்தப் பல்லுக்கு என்ன தேவைப்படலாம் என்று எழுதி வாங்குங்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் காத்திருப்புக் காலம் (பாலிசி தொடங்கியபின் பணம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலம்) எவ்வளவு, ஏற்கெனவே இழந்த பல்லுக்கு என்ன விதி, கிரவுனை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றித் தருவார்கள், உங்கள் மருத்துவர் காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர் பட்டியலில் இருக்கிறாரா என்று அந்த நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதிலை, அதையே எழுதியும் அனுப்பும் வரை, பதிலாக ஏற்காதீர்கள்.