ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது?

அன்புள்ள ஐயா,

ஆசைக்கு அளவில்லாமல் போயிற்று என்று நம்மவர்களைக் கடிந்து எழுதியிருந்தீர்கள். நான் செந்தூல் அடுக்குமாடியில் இருப்பவன். ஞாயிறு பகலில் வீடு அடுப்பாகக் கொதிக்கும். பிள்ளைகளோடு கொமுட்டர் ரயில் ஏறி மிட் வேலி பேரங்காடிக்குப் போய்விடுவோம். குளிர்ச்சி, சுத்தமான கழிப்பறை. எதுவும் வாங்கக்கூடாது என்றுதான் போகிறோம். திரும்பும்போது கையில் ஒரு பை இருக்கிறது. இது பேராசையா? வேறெங்கே போவது?

வி., கோலாலம்பூர்

அன்புள்ள வி.,

பேராசை இல்லை. நான் மனத்தில் வைத்து எழுதியது தீபாவளிக்குத் தீபாவளி கார் மாற்றுபவர்களை. ஊரார் பார்க்க வேண்டும் என்றே செலவழிக்கும் அந்தப் பகட்டை அமெரிக்கப் பொருளியலாளர் வெப்லன் 1899-லேயே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டார். அந்தச் சட்டையை உங்களுக்கும் மாட்டியது என் தப்பு.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருந்துபவர் பிரான்ஸின் சமூகச் சிந்தனையாளர் போத்ரியார். பாரீஸை ஒட்டிப் புதிதாக வந்திருந்த பார்லி 2 பேரங்காடியைப் பற்றி 1970-இல் எழுதினார். வெயில் மழை தெரியாமல் வருஷம் முழுக்க ஒரே பருவம். அங்கே உலாவுவதே நுகர்வில் பாதி. பாரீஸ்காரருக்கு அது சொகுசு. செந்தூல் அடுக்குமாடிக்காரருக்கு?

ஆனால் அந்தப் பை என்னை யோசிக்க வைத்தது. பட்டர்வொர்த்தில் என் சிறுவயதில், தெருமுனைக் கடையில் கடன் கணக்கு எழுதும் 555 புத்தகம் இருக்கும். உள்ளங்கை அகலம். அரிசி, சார்டின், மைலோ என்று கடைக்கார மாமா பென்சிலால் எழுதுவார். பாக்கி ஏறிவிட்டால் எழுதுவதை நிறுத்தி அம்மாவின் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். அம்மா மைலோ டின்னை மட்டும் எடுத்துத் திரும்ப மேசையில் வைப்பார். அவமானம்தான்; அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆசைக்கும் கடனுக்கும் நடுவே ஓர் ஆள் நின்றார். கைப்பேசியில் 'மூன்று தவணை, வட்டி இல்லை' என்று வரும்போது அந்த ஆள் இல்லை. 180 வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள சாமான் 60 வெள்ளியாகத் தெரிகிறது. எங்கள் வீட்டு ஏர் ஃப்ரையர் அப்படி வந்ததுதான். மூன்றாவது தவணை கட்டுவதற்குள் அலமாரி மேல் ஏறித் தூசி பிடித்துவிட்டது. தமிழ்நாட்டில் 'நுகர்வோர்' என்பார்கள், நாம் 'பயனீட்டாளர்' என்கிறோம். நான் ஈட்டிய பயன் இதுதான்.

எங்கே போவது என்று கேட்டீர்கள். வெயில் தாழ்ந்தபின் தித்திவங்சா ஏரி உங்களுக்குப் பக்கம். பகல் இரண்டு மணிக்கு என்னிடம் பதில் இல்லை. மிட் வேலிக்கே போங்கள். கைப்பேசியிலிருந்து அந்தத் தவணைச் செயலியை மட்டும் அழித்துவிட்டுப் போங்கள்.