சி.டி. ‘நார்மல்’ என்றார்களே, பிறகு எதற்கு எம்.ஆர்.ஐ.?

கேள்வி: டாக்டர், நாங்கள் தேவகோட்டைப் பக்கம். எங்கள் அப்பத்தாவுக்கு 74 வயது. இரவு 10 மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர், காலை 5.30க்கு எழுப்பியபோது வலது கையைத் தூக்க முடியவில்லை, பேச்சும் குழறியது. காரைக்குடியில் தலைக்கு சி.டி. எடுத்து “நார்மல்” என்றார்கள். ஆனால் உடனே மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே எம்.ஆர்.ஐ. பார்த்த பிறகுதான் ஊசி போட்டார்கள். இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். முதலிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் நேரமும் பணமும் மிச்சம்தானே? இனி வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால் நேராக அதற்கே போகலாமா?

பதில்: அப்பத்தா நடக்கிறார் என்று படித்ததும் மனது நிறைந்தது. உங்கள் கேள்விக்கு வருகிறேன். நேராக எம்.ஆர்.ஐ.யைத் தேடிப் போக வேண்டாம். காரைக்குடியில் எடுத்த சி.டி. வீண் இல்லை.

அப்பத்தாவுக்கு வந்தது பக்கவாதம். அது இரண்டு வகை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துக் கசிவது ஒன்று, குழாய் அடைபடுவது மற்றொன்று. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், வைத்தியமோ நேரெதிர். அடைப்பைக் கரைக்கும் ஊசியைக் கசிவு உள்ளவருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. புதிதாகக் கசிந்த ரத்தம் சி.டி.யில் வெள்ளையாகத் தெரியும், படம் எடுக்கச் சில நிமிடம் போதும். அடைப்பினால் வரும் சேதம் அப்படி இல்லை, சி.டி.யில் தெளிவாகத் தெரியப் பல மணி நேரம் ஆகலாம். உங்களிடம் சொன்ன “நார்மல்” என்பதற்கு “ரத்தக்கசிவு இல்லை” என்றுதான் பொருள். அப்படியே சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லை நம்பி, நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, எம்.ஆர்.ஐ. எதற்கு? கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. அதையும் நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். அப்பத்தா விஷயத்தில் அது இரவு 10 மணி. அந்தக் கணக்கில் 2.30க்கே கெடு முடிந்துவிட்டது. தூக்கத்தில் பக்கவாதம் வந்தவர்களுக்கு முன்பெல்லாம் இதைச் சொல்லித்தான் ஊசியை மறுத்தோம். 2018இல் வெளியான ‘வேக்-அப்’ ஆய்வு இதை மாற்றியது. எம்.ஆர்.ஐ.யில் ஒரு வகைப் படம், அடைபட்ட சில நிமிடங்களிலேயே சேதத்தைக் காட்டத் தொடங்கும். இன்னொரு வகைப் படத்தில் அதே இடம் சில மணி நேரம் கழித்தே தெரியும். முதல் படத்தில் சேதம் தெரிந்து, இரண்டாவதில் இன்னும் தெரியவில்லை என்றால், பாதிப்பு வந்து அதிக நேரம் ஆகியிருக்காது. இப்படித் தேர்ந்தெடுத்த 503 பேரில், ஊசி போட்டவர்களில் 53 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். போடாதவர்களில் 42 சதவீதம். மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து ஊசியால் கொஞ்சம் கூடும், அதனால்தான் ஆள் பார்த்துப் போடுகிறோம்.

பெரிய குழாயே அடைபட்டிருந்தால் ஊசி மட்டும் பெரும்பாலும் போதாது. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி ரத்தக்கட்டியை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். கழுத்திலிருந்து உச்சிவரை ரத்தக்குழாய்களைப் படம் எடுப்பது அதற்காகத்தான். கண்மாய் மடை அடைத்துக்கொண்டால் கீழே இருக்கிற வயல் முழுதும் ஒரே நேரத்தில் கருகிவிடாது இல்லையா? கொஞ்சம் கருகிப் போயிருக்கும், மற்றது பக்கத்து வாய்க்காலிலிருந்து கசியும் நீரில் வாடியபடி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூளையிலும் அப்படித்தான். கருகியது எவ்வளவு, வாடி நிற்பது எவ்வளவு என்று இப்போது படத்தில் அளக்க முடிகிறது. அதே 2018இல் வந்த ‘டான்’ ஆய்வில், 6 முதல் 24 மணி நேரம் கடந்தவர்களில், கருகிய அளவைப் படத்தில் அளந்து, நோயாளியின் பாதிப்போடு ஒப்பிட்டு 206 பேரைச் சேர்த்தார்கள். கட்டியை எடுத்தவர்களில் 49 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொண்டார்கள். எடுக்காதவர்களில் 13 சதவீதம்தான். இந்த வித்தியாசம் என்னை இன்னும் வியக்க வைக்கிறது.

இதை வைத்து “24 மணி நேரம் இருக்கிறதே” என்று யாரும் நிதானமாக இருந்துவிடக் கூடாது. வாடி நிற்கிற பகுதி எல்லோருக்கும் அவ்வளவு நேரம் தாங்காது.

காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அதனால் இரவிலும் சி.டி. எடுத்து ஊசி போடும் ஆஸ்பத்திரி பக்கத்தில் எது, கட்டியை எடுக்கும் வசதி எங்கே என்று இன்றே விசாரித்து வையுங்கள். வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாம், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சி.டி. பார்க்கும் முன் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். தண்ணீர்கூட வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி உடலில் இருந்தால் அதன் அட்டையும் வேண்டும். தோடு, மூக்குத்தி, மெட்டி, ஊக்கு எல்லாவற்றையும் வண்டியிலேயே கழற்றிவிடுங்கள். ஸ்கேன் அறை வாசலில் மூக்குத்தித் திருகோடு போராடி நிமிடங்கள் போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

அப்புறம், அப்பத்தாவின் இரண்டு ஸ்கேன்களையும் பத்திரமாக வைத்திருங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் பதிந்த குறுந்தட்டும் வேண்டும். நாளைக்கே மறுபடி ஒரு ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், எது பழைய தழும்பு, எது புதுச் சேதம் என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட அவை உதவும்.